மரமேறு சிறுபுள்ளும் சங்கப் புள்ளடையாளமும்

1. முன்னுரை

தொல்காப்பியம் அகத்திணையியலில் கருப்பொருளை வகுக்குங்கால், தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு புள்ளினையும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. மரபியலோ பறப்பவற்றின் இளமைக்கும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் உரிய பெயர்களை வரையறுத்துக் கூறுகின்றது. 'அளகு' என்னும் பெண்பாற்பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது, ஏனைய புள்ளிற்கு ஆகாது என்று விலக்கும் அளவிற்கு அவ்வரையறை நுட்பமுடையது. இத்தகைய நுட்பத்தைக் கண்டு வியந்த அறிஞர் சிலர், சங்கப் பாடல்களில் வரும் புட்பெயர்களை இக்காலப் பறவையியல் கூறும் இனங்களோடு பொருத்திக் காட்ட முற்பட்டனர். பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலை எழுதினார். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் தமிழிற் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். மா. கிருஷ்ணன் தாம் நேரிற் கண்டறிந்த பறவைகளைப் பற்றித் தமிழிற் கட்டுரைகள் வரைந்தார். உரையாசிரியரும் அகராதியாசிரியரும் 'ஒருவகைப் பறவை' என்று கூறிக் கடந்த இடங்களில் ஒளி பாய்ச்சியது இவர்தம் பணி என்பதில் ஐயமில்லை.

எனினும் இப்பணியைத் தொடர்ந்து வந்தோரிடையே ஒரு போக்கு வளர்ந்துள்ளது. சங்கப் புலவர் அறியாத பறவை இல்லை என்று முன்னரே முடிவு செய்துகொண்டு, புதிய நூல்களிற் காணும் ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு சங்கச் சொல்லைத் தேடித் தருதலே அப்போக்காகும். இதனால் விளையும் தீங்கு இரண்டு. பாட்டிற்கு அது கூறாத பொருள் ஏற்றப்படுகின்றது. பறவைக்கோ மக்கள் வழங்கும் பெயர் தேடப்படாமற் போகின்றது. இப்போக்கினை அளந்து பார்த்தற்கு ஏற்ற உரைகல், மரத்தண்டில் ஏறிப் பூச்சிகளை உண்ணும் பாடும் பறவைக் குழுவாகும். சங்க இலக்கியத்தில் ஐயமற அடையாளங் காணத்தக்க இடம் ஒன்றும் பெறாத குழு இது. அவ்வின்மையை எங்ஙனம் விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். சான்று நிலமாகப் புதுக்கோட்டை மாவட்டம் ஈண்டுக் கொள்ளப்படுகின்றது.

2. இக்குழுவின் இயல்பு

மரமேறும் பறவை என்றதும் நம்மனோர்க்கு நினைவில் எழுவது மரங்கொத்தியே. புதுக்கோட்டை மாவட்டத்துச் சமவெளியில், தென்னந்தோப்பிலும் ஊர்ப்புறத்துப் பெருமரங்களிலும் காணலாகும் பொன்முதுகு மரங்கொத்தி இதற்குத் தக்க சான்று. ஆயினும் மரங்கொத்தி பாடும் பறவைக் குலத்தைச் சார்ந்ததன்று. அதன் காலில் இரு விரல்கள் முன்னும் இரு விரல்கள் பின்னுமாக அமைந்துள்ளன. விறைத்த வாலிறகுகளைத் தண்டில் ஊன்றி, அதனையே மூன்றாங் காலெனக் கொண்டு அது மேலேறும்.

யாம் கருதும் சிறுபுட்களோ முன் மூன்றும் பின் ஒன்றுமாக அமைந்த விரல்களையுடைய பாடும் பறவைகள். இவற்றுள் 'செர்த்தியா' என்னும் பேரினம் வடபால் இமயமலைக் காடுகளில் வாழ்வது. அது மரங்கொத்தியைப் போன்று வாலையூன்றித் தண்டின்மேல் ஏறும். 'சால்போர்னிசு' என்னும் புள்ளியுடைய சிறுபுள் வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் உள்ள வறண்ட இலையுதிர் காடுகளுக்கு உரியது. அதன் வால் விறைப்பற்றது, ஊன்றுதற்குப் பயன்படாதது. தமிழகத்து மலைக்காடுகளுக்கு உரியது 'சிட்டா' என்னும் பேரினமே. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஈழத்து மலைநாட்டிலும் காணப்படும் ஒரு சிட்டா, மேற்புறம் நீலமும் நெற்றி கருமையும் அலகு செம்மையுமாக விளங்கும். சிட்டுக்குருவியினும் சிறியது. வாலை ஊன்றாமல் கால்வலியாலேயே தண்டினைப் பற்றி, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்வதோடு, தலைகீழாகக் கீழ்நோக்கியும் விரைந்திறங்கும். பட்டையின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் பூச்சிகளே இதன் உணவு. பிற சிறுபறவைகளோடு கூடி இரைதேடும் வழக்கமும் இதற்கு உண்டு.

சமவெளி மாவட்டமாகிய புதுக்கோட்டையில் நாளும் கண்ணிற்படும் பறவையன்று இது. மலையை விட்டுப் பெரிதும் நீங்காதது. தொல்காப்பிய முறையிற் கூறின், குறிஞ்சி நிலத்திற்கு உரியதெனக் கொள்ளலாம். ஆனால் அத்திணைப் பாடல்களில் இதனைக் காண்கின்றோமா என்பதே வினா.

3. 'குரீஇ' என்னும் சொல்

சிறுபறவைகளைப் பொதுவாகச் சுட்டும் சங்கச் சொல் 'குரீஇ' என்பது. அது பொதுச்சொல்லாதலின், மலைநிலத்துப் பாட்டில் வருங்கால் அதற்கு எச்சிறுபறவையையும் பொருளாகக் கூறலாம் என்று எண்ணத் தோன்றும். புலவர்கள் அச்சொல்லை ஆளும் முறையை நோக்கின் அவ்வெண்ணம் நிலைபெறாது.

குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடனார் ஊர்க்குரீஇயைக் காட்டுகின்றார். அது முற்றத்தில் உலர்த்திய தானியத்தை உண்கின்றது, மன்றத்து எருப்பொடியிற் குடைந்து ஆடுகின்றது, வீட்டு இறப்பில் தன் குஞ்சுகளுடன் தங்குகின்றது. உணவு, ஆட்டம், உறைவிடம் ஆகிய மூன்றும் கூறப்பட்டமையின், இது மனையுறை சிட்டுக்குருவி என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. அந்நூலின் 85ஆம் பாட்டில், சூல்கொண்ட பெடைக்கு ஈனில் அமைத்தற்பொருட்டுச் சேவல் கரும்பின் பூவைத் தேடுகின்றது. 374ஆம் பாட்டில் பனைமரத்தில் தொங்கும் தூக்கணங்குரீஇயின் கூடு, ஊரின் மயக்கத்திற்கு உவமையாகின்றது. இவ்விடங்களில் எல்லாம் புலவர் வெறும் பெயரை மட்டும் கூறி அமையவில்லை. பறவையின் செயலைக் கூறுகின்றனர். செயலே அடையாளமாகின்றது.

ஆகலின் 'குரீஇ' என்னும் சொல் மரத்தண்டில் ஏறும் சிறுபுள்ளைக் குறிக்கும் என்று ஒருவர் கூறுவாராயின், அப்பாட்டில் தண்டு, பட்டை, பூச்சி, ஏறுதல், தலைகீழாக இறங்குதல் என்பவற்றுள் ஒன்றேனும் கூறப்பட்டிருத்தல் வேண்டும். தினையையும் நெல்லையும் கவரும் குரீஇயைப் பூச்சியுண்ணும் புள்ளெனக் கோடல் பாட்டின் உரைக்கு முரணாகும். பெயர் பொதுவாக நிற்பினும் செயல் பொதுவாக நில்லாது என்பது இங்குக் கொள்ளத்தக்க முதல் நெறியாகும்.

4. அடையாளத்திற்கு மூன்று அளவைகள்

அடையாளங் காணல் வெற்றி பெறும் இடம் எது என்பதையும் ஈண்டுக் காட்டுதல் வேண்டும். அன்றில் அத்தகையது. குறுந்தொகை 160ஆம் பாட்டு அதன் தலையின் செந்நிறத்தையும், இறாலை ஒத்து வளைந்த அலகினையும் கூறுகின்றது. பெண்ணையில், அஃதாவது பனையில், அது தங்குதல் பல பாடல்களிற் கூறப்படுகின்றது. உச்சந்தலையில் செந்நிறமுடைய கருநிற அரிவாள்மூக்கன் இவ்விவரங்களோடு பொருந்துகின்றது. அது சமவெளியில் வாழ்வது, உயர்ந்த மரங்களிலும் பனையிலும் கூடு கட்டுவது. 'அன்றில்' என்னும் சொல் பேச்சு வழக்கில் இல்லையெனினும், 'அரிவாள்மூக்கன்' என்னும் மக்கள் வழக்கு, புலவர் கண்ட அதே அலகினைத்தான் கண்டு பெயரிட்டுள்ளது.

இதிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். முதலாவது, பண்புச் சான்று. பாட்டு, ஏனைய புள்ளினின்றும் பிரித்துக் காட்டும் இரு பண்புகளையேனும் கூறுதல் வேண்டும். இரண்டாவது, இடச் சான்று. பாட்டின் நிலமும் பறவையின் வாழ்நிலமும் ஒத்தல் வேண்டும். மூன்றாவது, வழக்குச் சான்று. பழஞ்சொல்லோ, அப்பண்பினைச் சுட்டும் வேறு சொல்லோ மக்கள் நாவில் வழங்குதல் வேண்டும். மூன்றும் கூடிய இடத்து அடையாளம் உறுதி பெறும். இரண்டு கூடின் கருதத்தக்கது. ஒன்றே உளதாயின் அது கருத்தளவே.

அன்றிற்கண்ணும் ஒன்றை விலக்கிக் காணல் வேண்டும். துணை பிரியின் உயிர் வாழாது என்பது பாட்டு மரபேயன்றிப் பறவையின் இயல்பென்று கொள்ளற்பாலதன்று. கண்டறிந்த பண்பும் புனைந்துரைத்த பண்பும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கும். அவற்றைப் பிரித்தறிதல் திறனாய்வாளன் கடன். கணந்துள் பற்றிய குறுந்தொகை 350ஆம் பாட்டில், நெடிய கால், வறண்ட வழி, வழிச்செல்வோர்க்கு இடரை உணர்த்தும் குரல் ஆகியன கிடைக்கின்றன. பண்பும் இடமும் உள. வழக்கு இல்லை. ஆதலின் அதனை ஒரு குழுவின் அளவிற் சுட்டலாமேயன்றி, ஓர் இனத்தோடு மட்டும் பொருத்துதல் அரிது.

இவ்வளவைகளைச் சிட்டா இனத்திற்குப் பொருத்தின் முதலாவதே கிடைத்திலது. பண்பு கூறும் பாட்டு இன்மையின் ஏனைய இரண்டும் எழுதற்கு இடமில்லை.

5. கூறாமையின் பொருள்

இனி, கூறாமைக்குக் காரணம் என்ன என்பது எழும். புலவர் இப்பறவையைக் கண்டிலர் என்று கூறுதல் எளிது. ஆயின் அது சான்றற்ற கூற்று. இன்று கிடைப்பன 2,381 பாடல்கள் என்பர். அவையும் தொகுத்தோர் தேர்ந்து வைத்தவை. தொகையில் இடம்பெறாமையை அறியாமைக்குச் சான்றாகக் காட்டுதல் அளவை நூலுக்கு ஒவ்வாது. பூக்களுக்குக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நீண்டதோர் அடுக்கினைத் தந்துள்ளது. அதிற் காணும் மலர்கள் 99 என்பர். புட்களுக்கு அத்தகைய பாட்டு ஒன்றும் கிடைத்திலது. கிடைத்திருப்பின் நம் முடிவுகள் வேறாகவும் அமைந்திருக்கலாம்.

ஆகவே, எவை கூறப்படவில்லை என்பதினும், கூறப்பட்டவை எதன்பொருட்டுக் கூறப்பட்டன என்று நோக்குதலே பயனுடைத்து. அகப்பாட்டில் புள் வரும் இடங்களை ஆராயின் சில காரணங்கள் புலனாகின்றன. இரவில் ஒலித்துத் தலைவியின் துயரை மிகுவிக்கும் குரலுடையன ஒரு வகை. அன்றிலும் கூகையும் அவ்வகையின. இணையாக வாழ்ந்து மனையறத்தை நினைவூட்டுவன மற்றொரு வகை. குரீஇயும் புறவும் அவ்வகையின. புனத்துத் தினையைக் கவர்ந்து தலைவியைக் காவலுக்கு வருவித்துத் தலைவன் சந்திப்பிற்கு வாயில் செய்வது கிளி. ஈண்டெல்லாம் பறவை, மாந்தர் வாழ்வை ஒரு புள்ளியில் தொடுகின்றது. அத்தொடர்பே உள்ளுறைக்கு நிலைக்களன்.

சிட்டா இனமோ உயர்ந்த மரத்தின் தண்டிலும் கிளையிலும் அயராது இரைதேடித் திரிவது. தினையைக் கவராது. மனையை அணுகாது. இரவில் ஒலியாது. பகலில் எழுப்பும் மெல்லொலியும் காட்டின் ஏனைய ஒலிகளிற் கலந்து மறையும். ஆகவே காதல் வாழ்வின் நிகழ்ச்சிகளோடு அதனை இயைக்க ஒரு வாயில் புலவர்க்கு எளிதிற் கிட்டவில்லை எனலாம். இது காட்சிக் குறையன்று, தேர்வு நெறியின் விளைவு என்பதே என் கருத்து.

இத்தேர்வு நெறியைப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே வேறொரு கலையிற் காணலாம். சித்தன்னவாசற் குடைவரையின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் (815–862) காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் அக்குடைவரையின் திருப்பணியைச் செய்ததை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. அப்பொய்கையில் மீன், எருமை, யானை, மலர் கொய்யும் மாந்தர் ஆகியவற்றோடு நீர்ப்பறவைகளும் இடம்பெற்றுள்ளன. அதனைச் சமண சமயத்துச் சமவசரணத்தைச் சார்ந்த பொய்கை என்பர். ஓவியன் நீர்ப்புள்ளைத் தீட்டியது பொய்கை அதனை வேண்டியமையால். குன்றைச் சூழ்ந்த புதர்க்காட்டுச் சிறுபறவைகளை அவன் அங்குத் தீட்டாமையை வைத்து, அவற்றை அவன் அறியான் என்று யாரும் கூறார். ஓவியத்திற்கு நாம் மறுக்காத நீதியைப் பாட்டிற்கு மறுப்பது முறையன்று.

பின்வந்த இலக்கணம் இத்தேர்வினை மேலும் இறுக்கியது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம், குறிஞ்சிக்குக் கிளியையும் மயிலையும், பாலைக்குப் புறாவையும் பருந்தையும் எருவையையும் வரையறுத்து வைத்தது. புலவர் தம் கண்ணால் தேர்ந்த தேர்வு இங்கு நூலால் விதித்த அட்டவணையாயிற்று. சங்கப் பாட்டில் உயிருடன் இயங்கிய புள், பிற்காலத்துத் திணைப் பாடல்கள் பலவற்றில் நிலத்தைக் குறிக்கும் அடையாளச் சின்னமாக மட்டும் நின்றது. இலக்கிய வழக்கில் புதிய பறவைக்கு இடமின்றிப் போனமைக்கு இவ்வட்டவணையும் ஒரு காரணம் எனலாம்.

6. ஒலியொப்புமையும் உருவொப்புமையும்

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. 'சிட்டா' என்னும் பேரினப் பெயர் தமிழ்ச் 'சிட்டு' என்பதோடு ஒலியால் ஒத்திருத்தல் காண்க. இவ்வொப்புமையைப் பற்றிக்கொண்டு கிரேக்கர் தமிழிலிருந்து இப்பெயரைக் கொண்டனர் என்று ஒருவர் எழுதத் துணியக்கூடும். கிரேக்கப் பெயர் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலிற் காணப்படும் பழம்பெயர். தமிழ்ச் 'சிட்டு' சிறுமைப் பொருளில் வழங்கும் சொல். இவ்விரண்டையும் இணைக்கும் இடைநிலைச் சான்று எதுவும் இல்லை. சிறுபறவையின் ஒலியைக் கேட்ட இரு மொழியினர் ஒத்த ஓசையுடைய சொற்களை வெவ்வேறாகப் படைத்தலும் இயல்பே.

இதற்குப் பறவையுலகே ஓர் அழகிய எடுத்துக்காட்டைத் தருகின்றது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மரமேறிப் பூச்சியுண்ணும் பாடும் பறவைக் குடும்பம் ஒன்றுண்டு. அது ஏழு இனங்களை உடையது. செயலாலும் தோற்றத்தாலும் இமயத்துச் செர்த்தியாவை ஓரளவு ஒத்திருப்பினும், அது அதன் நெருங்கிய சுற்றமன்று. ஒரே தொழில் வெவ்வேறு குலங்களை ஒத்த வடிவிற்கு உய்த்தது. அவ்வாஸ்திரேலியப் பறவைகள் வாலையூன்றி ஏறுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. கூர்ந்து நோக்குவார்க்கு ஒப்புமைக்குள்ளேயே வேற்றுமை புலனாகும். ஒப்புமை வேறு, உறவு வேறு. உயிர்நூலுக்கு ஏற்ற இவ்வுண்மை சொல்லாராய்ச்சிக்கும் முற்றும் ஏற்கும்.

7. பெயர் காணலும் பெயரிடலும்

அரிஸ்டாட்டில் கூறிய பழம்பெயர்களை 1758இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் லின்னேயஸ் பேரினப் பெயர்களாக எடுத்தாண்டார். சிட்டா, செர்த்தியா என்னும் இரண்டும் அங்ஙனம் நிலைபெற்றவையே. பழம்பெயரை ஒரு பறவைக்கு உரிமையாக்குதல் பெயரிடுதல் ஆகும். பழைய ஆசிரியன் கருதிய பறவை அதுவே என்று நிறுவுதல் பெயர்காணல் ஆகும். இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்கு உடன்பாடு போதும். பின்னதற்குச் சான்று வேண்டும்.

தமிழிலும் இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படல் வேண்டும். வழக்கிழந்த சங்கச் சொல் ஒன்றைப் பெயரற்ற பறவைக்குச் சூட்டுவதில் குற்றமில்லை. மொழிவளத்திற்கு அது துணையும் ஆகும். ஆயின் அங்ஙனம் சூட்டியதையே அடுத்த தலைமுறையினர் சான்றாகக் கொண்டு, சங்கப் புலவர் இதனையே கூறினர் என்று எழுதுவராயின், அது வட்டச் சுழல் வாதமாய் முடியும். ஆய்வேடுகள் சிலவற்றில் இச்சுழல் புகுந்திருத்தல் வருந்தத்தக்கது.

இக்காலப் பறவைநூல்களில் சிட்டா இனத்திற்குப் 'பசையெடுப்பான்' என்னும் பெயர் வழங்குகின்றது. கருநெற்றியுடைய இனத்தை 'வெல்வெட் நெற்றி' என்னும் அடைகொடுத்துச் சுட்டுவர். பசையெடுப்பான் என்பது தொழிலாற் பெற்ற காரணப்பெயர். மரங்கொத்தி, மீன்கொத்தி என்பன போன்று, தமிழர் பறவைக்குப் பெயரிடும் முறையோடு அது இயைந்தது. பறவை என்னும் சொல்லே பறத்தல் தொழிலால் வந்ததன்றோ? எனினும் இப்பறவையின் தனிச்செயல், தலைகீழாகத் தண்டில் இறங்குதல். அதனைப் பெயர் சுட்டவில்லை. 'வெல்வெட் நெற்றி' என்பதோ பறவையைப் பார்த்து இட்ட பெயரன்று, ஆங்கிலப் பெயரைப் பார்த்து இட்டது. காட்டில் வாழ்வோன் அந்நெற்றியைக் கண்டு கருநெற்றி என்பானேயன்றித் துணியின் பெயரால் அழையான்.

இதற்கு மாற்றாக நூலகத்திலிருந்து மற்றொரு சொல்லைப் படைத்துத் தருதல் என் நோக்கமன்று. அவ்வாறு செய்யின், மேலே கண்டித்த குற்றத்தின் மறுபக்கமாக அது முடியும். படைத்தற்கு முன்னர்க் கேட்டறிதல் வேண்டும். சிட்டா வாழும் மலைகளில் காடர், முதுவர், பளியர், இருளர் முதலிய குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்தம் நாவில் இப்பறவைக்குப் பெயர் இருத்தல் கூடும். அதனை ஒலி பிறழாமற் பதிவு செய்து, பறவையையும் நேரிற் காட்டி உறுதி செய்த பின்னரே புதுச்சொல் தேவையா என்பது முடிவாகும்.

8. செய்யத்தக்கன

புதுக்கோட்டை மாவட்டம் இப்பணிக்கு ஒரு பயிற்சிக்களம் ஆகலாம். சிட்டா இங்கு எளிதிற் கிட்டாதெனினும், காயா மரம் செறிந்த கோயிற்காடுகள் இம்மாவட்டத்தில் இன்றும் உள. முல்லைப் பாடல்களிற் பயிலும் காயாவை மாணவர் நூலில் மட்டும் அறியாது மரமாகவே காணலாம். அக்காடுகளில் வரும் சிறுபறவைகளுக்கு ஊர்ப் பெரியோர், ஆடு மேய்ப்போர், மரமேறுவோர் ஆகியோர் வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் முதற்பணி. நரிக்குறவர் தம் வாக்ரிபோலி மொழியில் வழங்கும் பெயர்களைத் தனியே பிரித்துப் பதிதல் இரண்டாம் பணி. 1910இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் உள்ளது. அங்குள்ள உயிரினப் பகுதியைக் கண்டு, உருவ வேறுபாடுகளைக் கண்ணாலறிதல் மூன்றாம் பணி. பறவையியல் பயின்ற ஒருவரும் தமிழ் பயின்ற ஒருவரும் இணைந்து செல்லுதல் நன்று. ஒருவர் பறவையைத் தவறாது காண்பார், மற்றொருவர் சொல்லைத் தவறாது கேட்பார்.

இம்மாவட்டத்து ஒலியமங்கலத்தையே ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் ஒல்லையூர் என்று அறிஞர் கருதுவர். அதன் அணித்தே சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பர். ஊர்ப்பெயரை அடையாளங் காணுங்கால் நாம் கல்வெட்டையும் வழக்கையும் நிலக்கிடப்பையும் ஒருங்கு வைத்து நோக்குகின்றோம். வெறும் ஒலியொப்புமையை ஏற்பதில்லை. ஊருக்குக் காட்டும் அக்கண்டிப்பைப் பறவைக்கும் காட்டுதல் வேண்டும் என்பதே வேண்டுகோள்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால், மரமேறிப் பூச்சியுண்ணும் சிறுபுட்களைச் சங்கப் பாடல்களில் அடையாளங் காட்டுதற்கு ஏற்ற சான்று இல்லை என்பதும், அவ்வின்மை புலவரின் அறியாமையைக் காட்டாது, அகப்பாட்டின் தேர்வு நெறியையே காட்டும் என்பதும், பழம்பெயரைச் சூட்டுதலும் பழம்பெயரின் பொருளை நிறுவுதலும் வெவ்வேறு செயல்கள் என்பதும் பெறப்பட்டன. சங்கப் புலவர் எல்லாவற்றையும் கூறினர் என்று நிறுவுதலால் அவர்க்குப் பெருமை சேராது. கூறியவற்றைச் செயலும் இடமும் பிழையாமற் கூறினர் என்பதே அவர்தம் பெருமை. குருவி எருப்பொடியிற் குடைந்தாடுவதைக் கண்டு எழுதிய அக்கண், பட்டையில் தலைகீழாக இறங்கும் சிறுபுள்ளைப் பற்றி எழுதாது விட்டதாயின், அதனை நாம் அவர் பெயரால் எழுதிச் சேர்த்தல் தகாது. அதனைக் கண்டு எழுதும் கடன் நம்முடையது.